கர்ப்பப்பை வாய்த் தளர்ச்சியும் காகிதத்தில் இருக்க வேண்டிய ஒரு வரியும்



இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் பெண்மக்களின் பேறுகாலத்தைப் பற்றியது. தேக்காவில் சிறு மளிகைக் கடை வைத்து நடத்தும் நாம், மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதோடு படிப்பை நிறுத்திக்கொண்டோம். "கடைக்காரருக்கு வைத்தியம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாம் வைத்தியம் சொல்ல வரவில்லை. எம் இல்லத்தில் இரண்டு குழந்தைகளை ஐந்தாம் மாதத்தில் இழந்து, மூன்றாவது குழந்தையை உயிரோடு கையில் வாங்கியவர்கள் நாம். அந்த ஐந்து ஆண்டுகளில் டாக்டர்களிடமும் தாதியரிடமும் ஆஸ்பத்திரிக் கணக்கு மேசையிலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பாடமாக எழுதி வைத்தால், வேறொரு வீட்டிலாவது ஒரு குழந்தை தப்பும் என்ற எண்ணத்தால் இதை எழுதுகிறோம். எம் துணைவியாரின் முழுச் சம்மதத்தின் பேரிலேயே இவ்விவரங்கள் இங்கு இடம்பெறுகின்றன.

பெண்கள் விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்கவும் செய்தோம். அறிய வேண்டியதைக் கேட்பதில் வெட்கம் கூடாது என்று எமக்கு ஓதித் தந்த உஸ்தாத் அடிக்கடி சொல்வார்கள். வெட்கத்தால் கேளாமலிருந்து நாம் இழந்தது கொஞ்சமல்ல. ஆகவே தயக்கத்தை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

கர்ப்பப்பை வாய் என்பது யாது?

நம் பாட்டிமார்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாயில் கயிறு கோத்திருக்கும். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும். உள்ளே இருக்கும் காசு வெளியே விழாது. கர்ப்பப்பையும் ஏறக்குறைய அப்படித்தான். அது தலைகீழாகப் பிடித்த பையைப் போன்றது. அதன் வாய் கீழ்நோக்கி இருக்கிறது. குழந்தை வளர வளர மேலிருந்து பாரம் கூடிக்கொண்டே வரும். ஒன்பது மாதமும் அந்த வாய் இறுக மூடியிருந்து, பிரசவ வலி வந்த பிறகே மெல்லத் திறக்க வேண்டும். கர்ப்ப காலத்தின் நடுப்பகுதியில் அந்த வாய்ப்பகுதி சாதாரணமாக 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை நீளமாக இருக்கும்.

சில பெண்களுக்கு இந்த வாய் காலத்துக்கு முன்பே குறுகித் திறந்துவிடுகிறது. பெரும்பாலும் நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் இது நேர்கிறது. வலி வந்து திறப்பதில்லை. வலியின்றியே திறந்துவிடுகிறது என்பதுதான் இதன் அபாயம். இதையே டாக்டர்கள் கர்ப்பப்பை வாய்த் தளர்ச்சி அல்லது திறன் குறைவு என்கிறார்கள். குழந்தையிடம் ஒரு குறையும் இராது. இருதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் பனிக்குடம் வாய் வழியே பிதுங்கி இறங்கி உடைந்துவிடும். வெளியுலகில் மூச்சு விடும் பக்குவம் வருமுன்னரே குழந்தை வந்துவிடும்.

காரணங்கள் பல. சிலருக்குப் பிறவியிலேயே அப்பகுதியின் நார்த்தசை தளர்வாக இருக்கலாம், அல்லது கர்ப்பப்பையின் அமைப்பில் வேறுபாடு இருக்கலாம். புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் கண்டு வாய்ப்பகுதியிலிருந்து கூம்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தவர்களுக்கு இது நேரலாம். முந்திய பிரசவத்தில் அங்கே ஆழமான கிழிசல் உண்டானவர்களுக்கும், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதற்காக வாயைப் பலமுறை வலிந்து விரித்தவர்களுக்கும் நேரலாம். காரணமே தெரியாமலும் நேரலாம்.

மாடிப்படி ஏறியது, தண்ணீர்க் குடம் தூக்கியது, கணவனோடு சண்டையிட்டு அழுதது, கண்ணேறு பட்டது ஆகியவற்றை எந்த டாக்டரும் காரணமாகச் சொல்லி நாம் கேட்டதில்லை. ஆனால் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் காரணங்கள் இவையே. பிள்ளையை இழந்து படுத்திருப்பவளின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டே இவற்றைச் சொல்கிறார்கள்.

எம் வீட்டில் நேர்ந்தது

2009-ம் ஆண்டில் எம் துணைவியார் தமிழ்நாட்டில் எமது ஊரில் இருந்தார்கள். ஐந்தாம் மாத முடிவில் முதற்பிள்ளை தவறிப் போயிற்று. அருகிலிருந்த ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்த காகிதத்தில், கருச்சிதைவு என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லும், ஒரு தேதியும், ஒரு கையெழுத்தும் மட்டுமே இருந்தன. எத்தனையாவது வாரம், வலி முன்னால் வந்ததா, குழந்தை உயிரோடு பிறந்ததா என்று ஒரு வரியும் இல்லை. எமக்கும் அவற்றைக் கேட்கத் தெரியவில்லை. பெரியவர்கள் "நஸீபு" என்றார்கள். நாம் பொறுத்துக்கொண்டோம்.

2012-ல் இங்கே சிங்கப்பூரில் மறுபடி கர்ப்பம் தரித்தது. இந்நகரிலுள்ள ஒரு தனியார் மருந்தகத்தில் அந்தப் பழைய காகிதத்தைக் காட்டினோம். "முதற் கர்ப்பம் கலைவது பலருக்கும் நேர்வதுதான், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. ஆரம்ப மாதங்களில் கர்ப்பம் கலைவது மெய்யாகவே பலருக்கும் நேர்கிறது. காகிதத்தைப் படித்தவர் அதை அவ்விதமான கலைதல் என்றே எடுத்துக்கொண்டார். ஐந்தாம் மாதத்துப் பிள்ளை என்று காகிதம் சொல்லவில்லை. நாமும் அழுத்திச் சொல்லவில்லை.

இருபத்தொன்றாவது வாரத்தில் ஒருநாள் பிற்பகலில் அடிவயிற்றில் ஏதோ பாரமாக இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். இடுப்பும் சற்றுக் கடுப்பதாகச் சொன்னார்கள். வலி இல்லை என்றதால், "படுத்திருங்கள், வந்து பார்ப்போம்" என்றோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் ஞாயிறு மாலைக் கூட்டம் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கடையடைத்து வீடு திரும்ப இரவு பத்தரை ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாய் திறந்து பனிக்குடம் இறங்கியிருந்தது. விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது. சிறிது நேரம் உயிர் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. சுவா சூ காங் கபரஸ்தானில் அந்தச் சிறு உடலை நம் கையாலேயே இறக்கினோம்.

எவர் மீதும் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால், பிற்பகல் முதல் இரவு பத்தரை வரை கல்லாவில் உட்கார்ந்திருந்த எம்மீதும் அதில் ஒரு பங்கு உண்டு.

நான்கு கேள்விகள்

மறு ஆண்டு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்னரே, வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு மகப்பேற்று நிபுணரைப் பார்க்கப் போனோம். அந்த அம்மையார் எமது காகிதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, எம் துணைவியாரை நேரே பார்த்து நான்கு கேள்விகள் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை வாரம்? முதலில் வந்தது வலியா, பாரமா, நீரா, இரத்தமா? குழந்தை பிறக்கும்போது உயிர் இருந்ததா? அதற்கு முன்போ பின்போ கர்ப்பப்பையில் ஏதேனும் சிகிச்சை நடந்ததா?

"இரண்டு முறையும் வலியே இல்லை. பாரமாக இருந்தது. பிறகு சட்டென்று வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளும் அசைந்தார்கள்" என்று எம் துணைவியார் சொன்னார்கள். முதற்பிள்ளையும் அசைந்தது என்பதை நாம் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். நான்கு ஆண்டுகளாக அதை எவரும் அவர்களிடம் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

டாக்டர் அம்மையார் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதினார்கள்: இரு முறை இரண்டாம் மும்மாதத்தில் வலியின்றி வாய் திறந்து இழப்பு, கர்ப்பப்பை வாய்த் திறன் குறைவு. அடுத்த கர்ப்பத்தில் பன்னிரண்டாம் வாரம் கழிந்ததும் வாயில் தையல் போட வேண்டும் என்றும் குறித்தார்கள். இந்த ஒரு வரிதான் எம் குடும்பத்தின் வரலாற்றை மாற்றியது.

தையல் வந்த வழி

அந்தத் தையலை உலகுக்குக் கொடுத்தவர் ஓர் இந்தியர் என்பதை நாம் பெருமையுடன் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் டாக்டர் விட்டல் நாகேஷ் ஷிரோத்கர். 1899-ல் கோவாவைச் சேர்ந்த ஷிரோடா என்ற ஊரில் பிறந்து, பம்பாயில் மகப்பேற்று மருத்துவராகவும் பேராசிரியராகவும் விளங்கி, 1971-ல் காலமானார். அடுத்தடுத்து ஐந்தாம் ஆறாம் மாதங்களில் பிள்ளையை இழந்துவந்த பெண்களைக் கவனித்து, குறை குழந்தையில் இல்லை, வாயில்தான் இருக்கிறது என்று கண்டார். பெண்ணின் தொடையிலிருந்து தசையுறையின் ஒரு பட்டையை எடுத்து, அதையே நாடாவாக்கி, கர்ப்பப்பை வாயைச் சுற்றிக் கட்டினார். இம்முறையை 1955-ல் சென்னையிலிருந்து வெளிவந்த 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ ஏட்டில் எழுதினார். நம் தமிழ்நாட்டின் தலைநகரில் அச்சான இரண்டொரு பக்கம் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

1957-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த டாக்டர் இயன் மெக்டொனால்டு இன்னும் எளிய வழியொன்றை வெளியிட்டார். சுருக்குப்பையில் கயிறு கோப்பது போலவே வாயைச் சுற்றி நூலைக் கோத்து இழுத்துக் கட்டுவது அவர் முறை. இன்று பல இடங்களில் இம்முறையே அதிகம் கையாளப்படுகிறது. இவ்விரு வழிகளும் பயன்படாத சிலருக்கு வயிற்றின் வழியே தையல் போடும் முறையும் உண்டு. அத்தகையவர்களுக்குச் சிசேரியன் மூலமே பிரசவம் நடத்துவார்கள்.

முன் இழப்புகளைக் கொண்டு முடிவு செய்யும் தையலைப் பெரும்பாலும் 12-ம் வாரத்திலிருந்து 14-ம் வாரத்துக்குள் போடுகிறார்கள். முன்பு குறைப்பிரசவமோ நடுமாத இழப்போ நேர்ந்த பெண்ணுக்கு, 24-ம் வாரத்துக்கு முன் ஸ்கேனில் வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்து காணப்பட்டால், அப்போதும் தையலைப் பற்றி யோசிப்பார்கள். வாய் திறக்கத் தொடங்கிவிட்ட பின் அவசரமாகப் போடும் தையலும் உண்டு. அதில் பலன் குறைவு, அபாயம் அதிகம். சிலருக்குத் தையலுக்குப் பதிலாக புரோஜெஸ்டிரோன் என்னும் மருந்தையே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

தையல் எல்லோருக்கும் உரிய மருந்தன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1993-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 1,292 பெண்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தையல் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர்களே நிச்சயிக்க முடியாமலிருந்தவர்கள் அவர்கள். அத்தகையவர்களில் ஏறக்குறைய 25 பேருக்குத் தையல் போட்டால் ஒருவருக்கு 33 வாரத்துக்கு முந்திய பிரசவம் தடுக்கப்பட்டது என்று கண்டார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரிக்குப் போட்டார்கள், எனக்கும் போடுங்கள் என்று கேட்பது சரியல்ல. யாருக்குத் தேவை என்பதை முந்திய வரலாறும் ஸ்கேனுமே சொல்லும். வரலாறு சரியாக எழுதப்பட்டிருந்தால்தான் அது பேசும்.

குறியீடு என்பது என்ன?

இனி எம் தொழிலுக்கு நெருங்கிய பகுதிக்கு வருகிறோம். 2014-ல் தையல் போட்ட பிறகு காப்புறுதிப் படிவம் ஒன்று எம் கைக்கு வந்தது. அதில் நோயின் பெயருக்கு எதிரே ஓர் எழுத்தும் சில எண்களும் இருந்தன: 'ஓ' 34.3. கடையில் ஒவ்வொரு சரக்குக்கும் எண் வைத்து விற்பவரல்லவா நாம்; இது என்ன எண் என்று கணக்கு மேசையிலிருந்த பெண்ணிடம் கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார்.

உலகத்தில் உள்ள நோய்களுக்கெல்லாம் ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. 1893-ல் ழாக் பெர்ட்டிலோன் என்ற பிரெஞ்சு அறிஞர் மரண காரணங்களுக்கு வகுத்த பட்டியலே அதன் மூலம். 1948-ல் ஆறாவது திருத்தத்தின் போது உலக சுகாதார நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. பத்தாவது திருத்தம் 1990-ல் ஏற்கப்பட்டது. பதினோராவது திருத்தம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நாடுகள் ஒரே நாளில் புதியதற்கு மாறிவிடுவதில்லை. சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகள் 2012 முதல் பத்தாவது திருத்தத்தின் ஆஸ்திரேலியப் பதிப்பைப் பின்பற்றத் தொடங்கின.

பத்தாவது திருத்தத்தில் 'ஓ' என்ற எழுத்தில் தொடங்குபவை யாவும் கர்ப்பம், பிரசவம் சம்பந்தப்பட்டவை. 'ஓ' 03 என்றால் தானாகக் கலைந்த கர்ப்பம். 'ஓ' 34.3 என்றால் கர்ப்பப்பை வாய்த் திறன் குறைவுக்காகக் கர்ப்பிணிக்குத் தரும் கவனிப்பு. கர்ப்பம் இல்லாத காலத்தில் அதே குறையைக் குறிக்க 'என்' 88.3 என்று வேறு எண் உண்டு. தாயின் இந்தக் குறையால் பாதிக்கப்பட்ட சிசுவுக்கு 'பி' 01.0 என்று தனி எண் இருக்கிறது. 'ஓ' 34.3-ன் கீழே ஷிரோத்கர் தையல் என்று அந்த டாக்டரின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் இந்த எண்ணுக்குப் பின்னால் இன்னும் ஓர் இலக்கம் சேர்த்து, எத்தனையாவது மும்மாதம் என்பதையும் காட்டுகிறார்கள்.

இவ்விரு எண்களின் வித்தியாசத்தை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'ஓ' 03 என்பது பிள்ளை போயிற்று என்று மட்டும் சொல்கிறது. 'ஓ' 34.3 என்பது எதனால் போகக்கூடும், எதைக் காக்க வேண்டும் என்று சொல்கிறது. எமது முதற் காகிதம் முதல் எண்ணுக்கு உரியது. அதனால்தான் இரண்டாம் பிள்ளைக்குக் காவல் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எண் எழுதுபவர் டாக்டரல்லர். அதற்கென்று பயின்ற குறியீட்டாளர்கள் இருக்கிறார்கள். டாக்டர் எழுதியதைப் படித்து, அதற்குரிய எண்ணைப் போடுவதே அவர்கள் வேலை. டாக்டர் எழுதாததை அவர்கள் தாமாக ஊகித்து எழுதக் கூடாது. எமது கடைக் கணக்குப்பிள்ளையும் அப்படித்தான். அவர் கிடங்குக்குப் போய் மூட்டையைப் பார்ப்பதில்லை. சீட்டைப் பார்த்தே பேரேட்டில் ஏற்றுவார். சீட்டில் 'அரிசி' என்று மட்டும் இருந்தால், பொன்னியா பாசுமதியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சீட்டு எழுதுகிறவர் சரியாக எழுத வேண்டும். சீட்டு எழுதுகிறவரிடம் சரக்கு கொண்டுவந்தவர் சரியாகச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

டாக்டரே ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். எமது கடையிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். மாடுகள் அடைத்த அப்பகுதியில் 1924-ல் 30 படுக்கைகளுடன் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. நம் சமூகத்தில் எத்தனையோ பேர் அங்கே பிறந்தவர்கள்தாம். 1966-ம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஓர் இடத்தில் ஓராண்டில் அதிகப் பிரசவம் என்று கின்னஸ் புத்தகத்திலும் அது இடம்பெற்றது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 109 குழந்தைகள். 1997-ல் அது அருகிலேயே இப்போதைய கட்டடத்துக்கு மாறி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையாக நடந்துவருகிறது. அத்தனை தாய்மாரில் ஒருத்தியின் பழைய கதையை எந்த மனிதரால் மனத்தில் வைத்திருக்க முடியும்? மனிதர் மறப்பார், டாக்டர் மாறுவார், தாய் ஊர் மாறுவாள். காகிதமும் பதிவேடும்தான் கூட வரும். 2011-ல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு இப்போது இந்நாட்டில் உண்டு என்றாலும், ஊரில் நடந்ததை நாம் சொன்னாலொழிய அது அறியாது.

எண்ணும் பணமும்

நோய்க்கு ஓர் எண் இருப்பது போல, சிகிச்சைக்கு வேறோர் எண் உண்டு. இந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறுவைச் சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, எளியவற்றை 1ஏ என்பதில் தொடங்கி, மிகக் கடினமானவற்றை 7சி வரை தரம் பிரித்திருக்கிறது. மெடிசேவ் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது அந்தத் தரத்தைப் பொறுத்தது. ஆகவே தையலுக்கு நாள் குறித்தவுடனே, "இதற்குப் பட்டியலில் என்ன எண், மெடிசேவிலிருந்து எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு?" என்று ஆஸ்பத்திரியின் நிதி ஆலோசகரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

2019 ஏப்ரல் முதல், கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் நேரும் கடுமையான சிக்கல்கள் சிலவற்றுக்கு மெடிஷீல்டு லைஃப் திட்டத்திலும் இடம் அளித்திருக்கிறார்கள். எந்தச் சிக்கலுக்கு என்பது பட்டியலில் உள்ள பெயரைப் பொறுத்தது. பெயர் மாறி எழுதப்பட்டால் கிடைக்க வேண்டிய உதவி தாமதப்படலாம். இவ்விரு திட்டங்களும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. கணவரின் வேலை அனுமதியின் பேரில் இங்கு வந்து தங்கியிருக்கும் சகோதரிகளுக்கு இவை இல்லை. அவர்கள் தம் காப்புறுதிப் பத்திரத்தில் கர்ப்பச் சிக்கல்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கர்ப்பத்துக்கு முன்னரே படித்துவிட வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பணம் கிடைப்பதற்காக இல்லாத நோயை எழுதச் சொல்வது மோசடி. அது மட்டுமன்று, அடுத்து வரும் டாக்டரைத் தவறான வழியில் நடத்தும் பாவமும் ஆகும். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்வது நம் உரிமை.

தையல் போட்ட பின்

தையல் போட்டால் ஒன்பது மாதமும் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பது நம்மவர் எண்ணம். சும்மா படுத்திருப்பதால் பிள்ளை தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும், நெடுநாள் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு நடக்கலாம், எதைத் தூக்கலாம், தாம்பத்தியம் எப்படி என்பவற்றை வெட்கப்படாமல் டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து தொழுவதற்கும், இயலாத நிலையில் நோன்பைப் பிற்படுத்துவதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு என்பது நாம் யாவரும் அறிந்ததே.

அடிவயிற்றில் பாரம், விட்டுவிட்டு வரும் இடுப்புக் கடுப்பு, இரத்தக் கசிவு, நீர் ஒழுகுதல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், காய்ச்சல் ஆகிய இவற்றில் எது தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடையடைக்கும் நேரம் வரை காத்திருக்கக் கூடாது. அவசரமானால் இங்கே 995, தமிழ்நாட்டில் 108.

தையலைச் சாதாரணமாக 36 அல்லது 37-ம் வாரத்தில் பிரித்துவிடுவார்கள். அதன்பின் இயற்கையான பிரசவமே நடக்கலாம். அதற்கு முன்பே பிரசவ வலி தொடங்கிவிட்டால் தையலை உடனே வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வாய் கிழிந்து தாய்க்கே ஆபத்தாகிவிடும். வலியோடு வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், உள்ளே தையல் இருக்கிறது என்று அங்குள்ளவர்களுக்கு யார் சொல்வது? எனவே தையல் போட்ட தேதி, எவ்வகைத் தையல், எத்தனை முடிச்சு, எப்போது பிரிக்க வேண்டும் என்ற விவரங்களை டாக்டரிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். பேறுகாலத்துக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது மிக மிக அவசியம். அங்கே தாய் சேய் நல அட்டையிலும் அதை எழுதச் சொல்ல வேண்டும்.

எம் துணைவியாருக்கு 13-ம் வாரத்தில் தையல் போட்டார்கள். 16-ம் வாரத்திலிருந்து 24-ம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து நீளத்தை அளந்தார்கள். இருபத்தொன்றாவது வாரம் வந்தபோது நாம் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஏழு நாளும் வீட்டிலேயே இருந்தோம். அதனால் மருத்துவப் பயன் ஒன்றுமில்லை என்று டாக்டர் அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆயினும் இருந்தோம். 37-ம் வாரத்தில் தையலைப் பிரித்தார்கள். ஒன்பது நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்து, அறை அதிர அழுதது. அல்ஹம்துலில்லாஹ். இன்று அவள் பள்ளிக்குப் போகிறாள்.

பாடச் சுருக்கம்

1. பிள்ளை தவறிய பெண்ணுக்கு முதலில் ஆறுதல் கொடுங்கள். காரணம் தெரியாமல் பழி சொல்லாதீர்கள்.

2. ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் காகிதத்தைப் படியுங்கள். எத்தனை வாரம், எது முதலில் வந்தது, குழந்தை உயிரோடு பிறந்ததா, என்ன சிகிச்சை செய்தார்கள் என்ற நான்கும் அதில் உண்டா என்று பாருங்கள். இல்லையேல் பணிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. அடுத்த கர்ப்பம் தெரிந்தவுடன், முடிந்தால் அதற்கு முன்னரே, அந்தக் காகிதத்தோடு டாக்டரைப் பாருங்கள். "ஐந்தாம் மாதத்தில் வலியில்லாமல் போயிற்று" என்று வாயாலும் சொல்லுங்கள். ஆண்கள் முந்திக்கொண்டு பேசாமல், பெண்ணைப் பேச விடுங்கள்.

4. படிவத்தில் உள்ள எண் என்ன, அதன் பொருள் என்ன என்று கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

5. தையல் உள்ளவர் அதற்கான தாளின்றி வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம்.

முடிவாக ஒரு வார்த்தை. குறியீட்டுப் புத்தகத்தில் இக்குறைக்கு நெடுங்காலமாக வைத்திருந்த ஆங்கிலப் பெயரின் பொருள் திறமையற்றது என்பதாகும். அப்பெயர் தாய்மாரின் மனத்தை நோகச் செய்வதால், டாக்டர்கள் பலர் இப்போது போதாமை என்று பொருள்படும் வேறு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். புத்தகம் எழுதியவர்களே சொல்லைத் திருத்திக்கொள்ளும்போது, நம் வீடுகளில் வழங்கும் "பிள்ளை தங்காதவள்" என்ற சொல்லை நாமும் விட்டுவிடலாம். வஸ்ஸலாம்.